கல்லாவை இறைச்சா யோகமாம்! கடைக்காரன் கேக்குறேன், புரியலை

செஞ்சிமளிகை:

வணக்கம். செஞ்சி பக்கம் சின்னதா ஒரு மளிகைக்கடை. வயசு 52. போன பௌர்ணமிக்கு திருவண்ணாமலை கிரிவலம் போனேன். 14 கிலோமீட்டர். கால்வலி தொடங்குறதுக்கு முன்னாடியே செங்கம் ரோட்டுல சேஷாத்ரி சுவாமிகள் ஆசிரமம் வந்துடும், உள்ளே போய்க் கும்பிட்டோம். கூட வந்த பெரியவர் அந்தச் சுவாமிகளோட கதையைச் சொல்லிக்கிட்டே நடந்தார். சுவாமிகள் 1889-ல அந்த ஊருக்கு வந்தவர், 1929-ல சமாதி ஆகுற வரைக்கும் 40 வருஷம் அங்கேயேதான் சுத்தினாராம். பாக்குறவங்களுக்குப் பைத்தியம் மாதிரி. திடீர்னு ஏதாவது கடைக்குள்ள நுழைவார், சாமானைத் தெருவுல எறிவார், கல்லாக் காசை வாரி இறைப்பார். கடைக்காரங்க கோவப்பட மாட்டாங்களாம், நம்ம கடைக்கு வரமாட்டாரான்னு காத்திருப்பாங்களாம். வந்துட்டா அன்னிக்கு வியாபாரம் பிச்சுக்குமாம்.

சாமியை நான் குறை சொல்லலை. ஆனா என் கடையில ஒருத்தன் துவரம்பருப்பை ரோட்டுல கொட்டினா நான் போலீஸைத்தான் கூப்பிடுவேன்.

இதை இப்ப ஏன் கேக்குறேன்னா, அப்பா போய் மூணு வருஷம் ஆச்சு. அவரு வச்சுட்டுப் போன கடன் நோட்டு ஒன்பது. சிவப்பு அட்டை, நீட்டு நோட்டு. ஒரு ராத்திரி உக்காந்து கூட்டிப் பாத்தேன், 2,14,360 ரூபாய் வரணும். பாதிப் பேர் செத்தாச்சு. மீதிப் பேர் என்னைப் பாத்தா வண்டியைச் சந்துக்குள்ள திருப்புறாங்க. கோயில்ல எனக்கு முன்னாடி நின்னு தீபாராதனை வாங்குறவர் பாக்கி மட்டும் 6,200. கண்ணை மூடினா சாமி தெரியலை, அந்தத் தொகைதான் தெரியுது.

வசூல் பண்ணவும் முடியலை, தூக்கிப் போடவும் மனசு வரலை. "அதைப் புரட்டிப் புரட்டி உங்களுக்குத்தான் பைத்தியம் பிடிக்கப் போவுது"ங்கறா வீட்டுல. தூக்கிப் போடுற புத்தி பைத்தியக்காரனுக்கு மட்டும்தான் வருமா?

மருதூர்க்காரன்:

அண்ணே, எனக்குத் திருவிடைமருதூர். எங்க மகாலிங்க சுவாமி கோயில் கிழக்கு வாசல்ல பட்டினத்தார் சிலை, மேற்கு வாசல்ல பத்திரகிரியார் சிலை. பட்டினத்தார் உங்க ஜாதி, அதாவது வியாபாரி. பூம்புகார்ல கப்பல் வியாபாரம். காதறுந்த ஊசி கூட கடைசியில கூட வராதுன்னு ஒரே ஓலையில எல்லாத்தையும் விட்டுட்டுக் கோவணத்தோட கிளம்பினவர்.

எனக்குப் பிடிச்சது சிஷ்யர் கதை. பத்திரகிரியார் உஜ்ஜயினிக்கு ராஜாவா இருந்தவர். ராஜ்யத்தையே விட்டாச்சு. மேலை வாசல்ல ஒரு திருவோட்டை வச்சுக்கிட்டு, மிச்சச் சோத்தைத் தின்னுட்டுக் கிடந்த ஒரு நாயோட உக்காந்திருக்கார். கிழக்கு வாசல்ல ஒருத்தன் வந்து பட்டினத்தார்கிட்ட பிச்சை கேக்குறான். அவர் சொன்னாராம்: "நான் வெறும் ஆண்டி. மேலை வாசல்ல ஒரு சம்சாரி இருக்கான், அவனைப் போய்க் கேள்." சட்டியும் நாயும் இருக்கே! அது காதுல விழுந்ததும் ராஜா ஓட்டை நாய் மேல விட்டெறிஞ்சார். ஓடும் போச்சு, நாயும் போச்சு. (நாய் என்ன பாவம் பண்ணுச்சுன்னு சின்ன வயசுல பாட்டியோட சண்டை போட்டிருக்கேன்.)

ராஜ்யத்தை விட்டவருக்கு ஓட்டை விட முடியலை பாருங்க. உங்க நோட்டு அந்த ஓடு.

நைட்டூட்டி:

ஒரு மனநலப் பிரிவுல 17 வருஷமா நர்ஸா இருக்கேன். இந்தக் கதையெல்லாம் கேட்டா எனக்குக் கொஞ்சம் பயமா இருக்கும் அண்ணா. 2001 ஆகஸ்ட் 6-ந் தேதி ஏர்வாடியில ஒரு மனநலக் காப்பகத்துல சங்கிலியில கட்டிப்போட்டிருந்த 28 பேர் தீயில செத்தாங்க. சங்கிலி போடக் கூடாதுன்னு 2017 மனநலச் சட்டத்துலயே இருக்கு, ஆனா இன்னும் சில வீட்டுல ஆளைச் சாமின்னு சொல்லிக்கிட்டு மாத்திரையை நிறுத்திடறாங்க.

அப்புறம், பைத்தியம்னா எல்லாத்தையும் விட்டவங்கன்னு யார் சொன்னது? எங்க வார்டுல ஒரு தாத்தா பழைய பஸ் டிக்கெட்டைக் கத்தையா கட்டி வச்சிருக்கார். ஒண்ணு குறைஞ்சாலும் விடிய விடிய அழுவார். நானும் சேந்து எண்ணிக் குடுப்பேன். நீங்க நோட்டைக் கூட்டுறதைப் படிச்சதும் அவர் ஞாபகம்தான் வந்துச்சு, தப்பா எடுத்துக்காதீங்க. தூக்கம் வராதது ரெண்டு வாரத்துக்கு மேல போனா டாக்டரைப் பாருங்க.

உங்க கடையில யாராவது பருப்பைக் கொட்டினா, போலீஸுக்கு முன்னாடி சாப்பிட்டியான்னு ஒரு வார்த்தை கேளுங்க.

வக்கீல்குமாஸ்தா:

தத்துவம் எனக்குத் தெரியாது. 1963 காலவரையறைச் சட்டம் தெரியும். தவணை பேசாமல் கடனுக்குக் கொடுத்த சரக்குக்கு, கொடுத்த நாளிலிருந்து மூன்று வருடம். அதற்குள் "பாக்கி உண்டு" என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தால் அன்றிலிருந்து புதிதாக மூன்று. உங்கள் அப்பா இறந்தே மூன்று வருடம் ஆகிறது என்கிறீர்கள். கையெழுத்து இல்லையென்றால் அந்த 2,14,360-ஐ கோர்ட் எப்போதோ தலைமுழுகிவிட்டது. நீங்கள் மட்டும்தான் வைத்திருக்கிறீர்கள்.

செஞ்சிமளிகை:

எல்லாருக்கும் நன்றி. குமாஸ்தா சார், ஒரு கையெழுத்து கூட இல்லை. அப்பா யார்கிட்டயும் வாங்க மாட்டார், வாய்ச்சொல்தான்.

நேத்து கடையை மூடிட்டு ஒன்பதையும் மறுபடி எடுத்தேன். கூட்டுறதுக்கு இல்லை தங்கச்சி, சும்மா படிக்க. 1991 நோட்டுல பக்கத்துக்குப் பக்கம் ஒரு வரி: "பஸ் ஸ்டாண்டு பித்தன், பொறை 2." ரூபாய் எழுதுற இடத்துல ஒரு கோடு. அவனை எனக்கு ஞாபகம் இருக்கு. மூணு சட்டையை ஒண்ணு மேல ஒண்ணா போட்டிருப்பான், வந்து நின்னு வெங்காயத்தை எடுத்து உருட்டி விடுவான். அப்பா "போடா அந்தாண்ட"ன்னு கத்துவார். கத்தினதுதான் எனக்குத் தெரியும், பொறை குடுத்தது தெரியாது. மூணே முக்கா ரூபாய்க்கு ஒரு வீட்டு வாசல்ல என்னை ஒரு மணி நேரம் நிக்க வச்ச மனுஷன் அவர். வசூலே பண்ணப் போறதில்லைன்னா எதுக்கு எழுதி வச்சார்? ராத்திரி பூரா யோசிச்சேன். பிடிபடலை.

அந்த ஒரு நோட்டை வச்சுக்கிறேன். மத்த எட்டையும் பழைய பேப்பருக்குப் போடலாம்னு வாசல்ல வச்சிருக்கேன். இன்னும் போடலை.

மருதூர்த் தம்பி, வர்ற ஞாயித்துக்கிழமை வீட்டுல கூட்டிக்கிட்டு உங்க ஊருக்கு வரலாம்னு இருக்கேன். கிழக்கு வாசல் வழியா போனா அதே வழியா திரும்பக் கூடாதுங்கறாங்களே, என்ன அது?

மருதூர்க்காரன்:

வாங்கண்ணே. வரகுண பாண்டியன் குதிரையில வரும்போது தெரியாம ஒரு அந்தணர் மேல ஏறிட்டான். அவர் செத்துட்டார். அந்தணரைக் கொன்ன பாவம், பிரம்மஹத்தி, விடாம பின்னாடியே வந்துச்சு. இங்கே கிழக்கு வாசல்ல நுழைஞ்சப்ப அது உள்ளே வர முடியாம வெளியே நின்னுடுச்சு. ராஜா வேற வாசல் வழியா போயிட்டான். அது இன்னும் அங்கேயே காத்துக்கிட்டு இருக்கு, சிலை இருக்கும் பாருங்க. அதான் யாரும் அந்த வழியா திரும்புறதில்லை.

செஞ்சிமளிகை:

சரி தம்பி. அப்ப கிழக்கு வாசல்ல செருப்பை விட்டுட்டுப் போனா?

மருதூர்க்காரன்:

வெளியில சுத்தி வந்து எடுத்துக்குவோம்ணே.