2147483647 பகா எண் என்று கையால் எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

தாரணி_கணக்கு:
தம்பிக்கு சி மொழி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். முழு எண்களைச் சேமிக்கும் இன்ட் மாறியில் அடங்கும் மிகப் பெரிய எண் 2147483647 என்றதும், "இதை எதனாலாவது வகுக்க முடியுமா அக்கா?" என்று கேட்டான். நிரல் எழுதிப் பார்த்தோம். பகா எண்தான். ஆனால் 1772-லேயே கணித மேதை ஆய்லர் இதை நிரூபித்துவிட்டார் என்று படித்ததிலிருந்து வேறு வேலையே ஓடவில்லை. இதன் வர்க்கமூலம் 46340-ஐத் தாண்டுகிறது. அதற்குள் இருக்கும் 4792 பகா எண்களாலும் அவர் வகுத்துப் பார்த்தாரா?

மாலைநேர_வாத்தியார்:
இல்லைம்மா. நூறு தடவைக்கும் குறைவாக வகுத்தாலே போதும். எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது, கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

உங்கள் எண் 2³¹−1. அதை 'ப' என்ற பகா எண் வகுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் 2³¹-ஐ ப-ஆல் வகுத்தால் மீதி 1. 31 பகா எண் என்பதால் அதற்கு முந்தைய எந்த அடுக்கிலும் மீதி 1 வராது. 31, 62, 93 என்று 31-இன் மடங்குகளில்தான் வரும். ஃபெர்மாவின் சிறு தேற்றமோ, (ப−1)ஆம் அடுக்கிலும் மீதி 1 என்கிறது. ஆகவே ப−1 என்பது 31-இன் மடங்கு. அது இரட்டைப்படையும்கூட, எனவே 62-இன் மடங்கு.

முதலில் சின்னதில் பாருங்கள். 2¹¹−1 = 2047 = 23 × 89. இரண்டிலும் ஒன்றைக் கழித்தால் 22, 88. இரண்டும் 22-இன் மடங்குகள்!

அப்புறம் இன்னொரு சல்லடை. 2³²-க்கு மீதி 2, அது 2¹⁶-இன் வர்க்கம். இப்படி 2 ஒரு வர்க்கத்தின் மீதியாக வந்தால், ப-ஐ 8-ஆல் வகுக்கும்போது 1 அல்லது 7 மட்டுமே மிஞ்சும். இரண்டு சல்லடையையும் சேர்த்தால், ப-ஐ 248-ஆல் வகுத்து 1 அல்லது 63 மிஞ்ச வேண்டும். அப்படிப்பட்ட முதல் பகா எண் 311, அடுத்தது 1303. நடுவில் ஒன்றுகூட இல்லை! இப்படிச் சலித்தால் 46340-க்குள் நூறு பகா எண்கள்கூடத் தேறாது, அவற்றால் மட்டும் வகுத்துப் பார்த்தால் போதும்.

பெர்லினில் இருந்த பெர்னூலிக்கு எழுதிய கடிதத்தில் ஆய்லர் இதைச் சொல்கிறார். அப்போது அவருக்குப் பார்வை அநேகமாகப் போய்விட்டது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் நெகிழ்ந்துவிடும்.

எண்விரும்பி:
ஒன்று சேர்க்கிறேன். இதை 2³⁰-ஆல் பெருக்கினால் 2305843008139952128. தன்னைத் தவிர்த்த வகுத்திகளைக் கூட்டினால் தானே வரும் செவ்விய எண் அது. 2³¹−1 பகா எண்ணாக இருப்பதால்தான் அப்படி அமைகிறது.

தாரணி_கணக்கு:
ஐயா, மிக்க நன்றி. 62 உடனே புரிந்தது. 8 விஷயத்துக்கு மட்டும் இரண்டு முறை படிக்க வேண்டியிருந்தது. 311-ஆல் நானே தாளில் வகுத்துப் பார்த்தேன், ஈவு 6905092, மீதி 35. 1303-ஐத் தம்பி போட்டுக்கொண்டிருக்கிறான், கால்குலேட்டர் வேண்டாமாம்.