ஜப்பான் காசு அட்டப்பாடிக்கு வந்தது, நம்மைவிட ஏழை நாடுகளுக்கு ஏன் போகவில்லை?

பவானிக்கரை:
கேரளத்தில், அட்டப்பாடி மலையில் உள்ள அகளியில் இருக்கிறேன். அஹாட்ஸ் (அட்டப்பாடி மலைப்பகுதி மேம்பாட்டுச் சங்கம்) திட்டம் வந்து, மொட்டையாகக் கிடந்த மேடுகளில் மரம் வைத்து, தடுப்பணை கட்டி, வற்றிப்போன கொடுங்கரைப்பள்ளத்தில் மறுபடி தண்ணீர் ஓடியதைக் கண்ணால் பார்த்தவன் நான். ஜப்பான் பணம் என்றுதான் எல்லோரும் சொல்வோம். நமக்கு நல்லதுதான் நடந்தது. ஆனால் நைஜர், சோமாலியா மாதிரி நாடுகள் இருக்க, நமக்கு எப்படி வந்தது? யாருக்கு எவ்வளவு என்று எதை வைத்துப் பங்கு போடுகிறார்கள்?

சித்தூர் டீச்சர்:
அண்ணா, அது தானமில்லை, கடன். 1996-இல் ஜப்பானோடு ஒப்பந்தம் போட்டு வாங்கியது. வட்டி குறைவு, தவணை நீளம், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனாலும் உலகக் கணக்கில் இதற்கும் உதவி என்றுதான் பெயர். கடன் என்று வந்துவிட்டால் திருப்பிக் கட்டுவார்களா என்றுதானே முதலில் பார்ப்பார்கள்? இந்தியா கட்டும், திட்ட அறிக்கை எழுதவும் வேலையை நடத்தவும் இங்கே ஆள் உண்டு. நைஜர் மாதிரி நாட்டுக்குக் கடன் பாரம், அங்கே திருப்பிக் கேட்காத மானியமாகத்தான் போக வேண்டும், அந்த மானியம்தான் எப்போதும் பற்றாக்குறை.

வேலந்தாவளம்காரன்:
டீச்சர் சொன்னதோடு அரசியலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1979-இல் எகிப்தும் இஸ்ரேலும் சமாதான ஒப்பந்தம் போட்ட பிறகு, பல வருஷம் அமெரிக்க உதவியில் பெரிய பங்கு இந்த இரண்டுக்கும்தான் போனது. அவைதான் உலகத்திலேயே ஏழை நாடுகளா? 2022-க்குப் பிறகு அதிகம் பெற்றது உக்ரைன். அவர்களுக்குத் தேவை இருக்கிறது, மறுக்கவில்லை, ஆனால் ஆப்பிரிக்காவின் பசி அதனால் குறைந்துவிடவில்லையே. எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது வேறு ஒன்றில். தன் நாட்டுக்கு வந்த அகதிகளுக்கு முதல் 12 மாதம் செய்யும் செலவையும் வெளிநாட்டு உதவி என்று பணக்கார நாடுகள் கணக்கு எழுதலாம். பணம் அந்த நாட்டு எல்லையைத் தாண்டுவதே இல்லை!

தேசிய வருமானத்தில் 0.7 சதவீதம் தர வேண்டும் என்று ஐ.நா. 1970-லேயே சொல்லிவிட்டது. நார்வே, சுவீடன், டென்மார்க், லக்சம்பர்க் மாதிரி சில நாடுகள்தான் அதைத் தொடர்ந்து காப்பாற்றின. பிரிட்டன் அதைச் சட்டமாகவே வைத்திருந்தும் 2021-இல் 0.5 ஆக்கிவிட்டது.

மீனாட்சிபுரம் ரவி:
நம் அரசு கொடுக்கும்போதும் அப்படித்தான் சார். இந்தியா வெளிநாட்டுக்குத் தரும் உதவியில் பல வருஷமாக முதலிடம் பூட்டானுக்கு. எல்லையில் சீனா இருக்கிறதே. ஆனால் இலங்கையில் போருக்குப் பிறகு வடக்கு, கிழக்கிலும் மலையகத்திலுமாக 50,000 வீடு கட்ட இந்தியா பணம் தந்தது, அதிலும் அரசியல் இருந்திருக்கும், இருந்தாலும் நம் ஆட்கள் தலைக்கு மேல் கூரை வந்தது. அதனால் உள்நோக்கம் இருக்கிறது என்பதற்காக உதவியே வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியாது.

பவானிக்கரை:
சரி டீச்சர், அப்போ அந்தக் கடனை இன்னும் கட்டுகிறோமா?

சித்தூர் டீச்சர்:
இந்த வகைக் கடனுக்குப் பெரும்பாலும் 30, 40 வருஷத் தவணை அண்ணா. அன்று நட்ட மரத்தின் வயதை வைத்து நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.