போனிலிருந்து லேப்டாப்புக்கு வீடியோ ஏற ஒரு மணி நேரம், எங்கே சிக்கல்?

வணக்கம் நண்பர்களே. கும்பகோணத்தில் பழைய ஓட்டு வீடு, கனமான செங்கல் சுவர். தவில் வாசிக்கும் மாமாவின் கச்சேரிகளை ஆண்ட்ராய்டு போனில் எடுத்து, வைஃபை வழியாக லேப்டாப்புக்கு அனுப்புகிறேன். வேகம் நொடிக்கு 1 எம்பியைத் தாண்டுவதில்லை. 4 ஜிபி வீடியோவுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அதற்குள் மாமா "ஏறிடுச்சாடா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்.

லேப்டாப், போன் இரண்டிலும் லிங்க் ஸ்பீடு 72 எம்பிபிஎஸ் (மெகாபிட் கணக்கு, அதாவது நொடிக்கு 9 எம்பி) காட்டுகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில், 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், ஒற்றை ஆன்டெனாவுக்கு வைஃபை 4-இல் (802.11n) அதுதான் உச்சம். ரூட்டர் வழியாகப் போவதால் ஒரே டேட்டா காற்றில் இரண்டு முறை பயணிக்கிறது, பாதி வேகம் அதிலேயே போய்விடும். சரி, அப்படியும் 3 எம்பியாவது வர வேண்டாமா?

எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பொதுச்சுவர். அக்கம்பக்கத்து ரூட்டர்கள் எல்லாம் சேனல் 6-இல்தான் முட்டிக்கொள்கின்றன. 1, 11 என்று மாற்றியும் பெரிய வித்தியாசம் இல்லை. ரூட்டர் திண்ணைப் பக்கம், லேப்டாப் உள்ளே இரண்டாம் கட்டுப் பகுதியில், நடுவில் முற்றம்.

என் கேள்வி இதுதான். ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் கிடையாது. போனிலும் லேப்டாப்பிலும் உண்டு. போன் ஹாட்ஸ்பாட்டை 5 கிகாஹெர்ட்ஸில் வைத்து லேப்டாப்பை நேரடியாக இணைத்தால் ரூட்டரே தேவைப்படாதே? யாராவது செய்து பார்த்தீர்களா, எவ்வளவு வேகம் வந்தது? அப்புறம், ப்ளூடூத் மவுஸும் அதே 2.4-இல்தான் ஓடுகிறது. அது வேகத்தை இவ்வளவு இழுக்குமா?

கேபிள் போடச் சொல்பவர்களுக்கு: போனின் போர்ட்டில் சார்ஜ் மட்டும்தான் ஏறுகிறது.