ஃபிளாஷ் கணக்கில ஆவிப் பங்கு மறை எண்ணாக ஓடுது, எங்க பிழை?

உவர்மலை (கேள்வி)
வணக்கம். மூன்று கூறுக் கலவை ஒன்றுக்கு, வெப்பநிலையை மாறாமல் வைச்சு ஃபிளாஷ் கணக்கு, அதாவது எவ்வளவு ஆவியாகும், எவ்வளவு திரவமாக நிக்கும் எண்ட கணக்குச் செய்யிறன். பென்சீன் 0.40, தொலுயீன் 0.35, ஓ-சைலீன் 0.25, எல்லாம் மூல் பின்னம் (மூலக்கூறு எண்ணிக்கையில பங்கு). 105 பாகை செல்சியஸ், 760 மி.மீ. இரசம். வெப்பநிலையில இருந்து அன்ரோயின் சமன்பாட்டில ஆவியமுக்கம், அதை மொத்த அமுக்கத்தால வகுத்துக் கே (ஒரு கூறின்ட ஆவிப் பின்னம் ÷ திரவப் பின்னம்), பிறகு ஒரு கூட்டுத்தொகையைப் பூச்சியமாக்கி ஆவிப் பங்கைத் தாற ராச்ஃபோர்ட்–ரைஸ் சமன்பாட்டை எக்செலில நியூட்டன் முறையால (விடையைச் சுற்றுச் சுற்றாகத் திருத்திக்கொண்டு போறது) தீர்க்கிறன். ஆவிப் பங்கை 0.5 எண்டு தொடங்கினால் −0.02, −1.07, −3.2, −7.4 எண்டு போய்க்கொண்டே இருக்கு. 0.1, 0.9 இரண்டிலயும் தொடங்கிப் பார்த்திட்டன், கடைசியில அதே ஓட்டம். வகையீட்டில பிழை விட்டிட்டனா?

நிலாவெளி
வகையீடு சரி தம்பி. இடைவெளிகளைப் பாருங்கோ: 1.05, 2.1, 4.2. ஒவ்வொரு சுற்றிலயும் இரண்டு மடங்கு. தீர்வே இல்லாத இடத்தில நியூட்டன் முறை இப்பிடித்தான் ஓடும். எல்லாக் கேயும் 1 க்குக் கீழ இருந்தால் ராச்ஃபோர்ட்–ரைஸின்ட கூட்டுத்தொகை, ஆவிப் பங்கு 1 ஐத் தாண்டாத வரை, எப்பவும் மறைதான். மறைப் பக்கம் எவ்வளவு தூரம் போனாலும் பூச்சியத்தை நெருங்குமே தவிரத் தொடாது. கே மூன்றையும், அதைக் கணிச்ச வரியையும் போடுங்கோ.

உவர்மலை
0.0319, 0.0219, 0.0141. பென்சீனுக்கு வரி: எக்ஸ்ப்(6.90565 − 1211.033/(105 + 220.79))/760

கிண்ணியா
பிழை அந்த எக்ஸ்ப்தான், அது e இன்ட அடுக்கு. இந்த மாறிலிகள் 10 அடி மடக்கைக்கு உரியவை. 10^( ) எண்டு மாத்துங்கோ. ஆவியமுக்கம் 1543, 646, 235 மி.மீ. வரும், கே 2.0305, 0.8499, 0.3096.

எக்செலைத் திறக்க முதலே இதைப் பிடிச்சிருக்கலாம். 760 மி.மீ. இல பென்சீன் கொதிக்கிறது 80.1 பாகையில, தொலுயீன் 110.6, ஓ-சைலீன் 144.4. நீங்கள் நிக்கிறது 105 இல. அப்ப பென்சீனின்ட கே 1 ஐத் தாண்டியே ஆகவேணும், மற்ற இரண்டும் கீழ. 0.03 எண்டு கண்டவுடனேயே கை நிக்கவேணும்.

மாறிலிகளை ஒரு அட்டவணையிலயும் அலகை இன்னொன்றிலயும் எடுக்காதேங்கோ. சிலதில இயற்கை மடக்கையும் கெல்வினும், சிலதில கிலோபாஸ்கல். கொதிநிலையைப் போட்டுப் பாருங்கோ, 760 க்குக் கிட்ட வரவேணும். வராட்டி அங்கேயே நிப்பாட்டுங்கோ.

நிலாவெளி
கே திருந்தினாலும் நியூட்டனுக்கு உடன போகவேண்டாம். ஊட்டப் பின்னம் (உள்ள போற கலவையின்ட மூல் பின்னம்) × கே, மூன்றையும் கூட்டுங்கோ: 1.187. ஊட்டப் பின்னம் ÷ கே, அதையும் கூட்டுங்கோ: 1.416. இரண்டும் 1 ஐத் தாண்டினால்தான் திரவமும் ஆவியும் சேர்ந்து நிக்கும். முதலாவது 1 க்குக் குறைஞ்சால் முழுக்கத் திரவம், இரண்டாவது குறைஞ்சால் முழுக்க ஆவி. அந்த இடத்தில ராச்ஃபோர்ட்–ரைஸைத் தீர்க்கிறதில பொருளில்லை. உங்கட பழைய கேக்கு முதல் கூட்டு 0.024 தான்.

உவர்மலை
மிச்சம் நன்றி. 0.5, 0.3976, 0.3945, இரண்டே சுற்றில நிண்டிட்டுது. திரவம் 0.2844, 0.3720, 0.3436, ஆவி 0.5775, 0.3162, 0.1064. ஊட்டம் மணிக்கு 100 கிலோமூல். அப்ப நிறையில 39.45% மேல போகுதெண்டு எழுதலாமா? இன்னொன்று, அமுக்கமானி 1 பார் காட்டினால் 750 மி.மீ. எண்டு போடட்டா?

கிண்ணியா
இரண்டும் இல்லை. 39.45% மூல் கணக்கு. ஆவியில பென்சீன் கூட, அதால அதின்ட சராசரி மூலர் நிறை 85.5, ஊட்டத்துக்கு 90.0. மணிக்கு 9004 கிலோ உள்ள போனால் சுமார் 3374 கிலோ ஆவி, அதாவது 37.5%. பம்பும் குழாயும் கிலோவில தெரிவு செய்யிற ஆளுக்கு இந்த வித்தியாசம் பெரிசு.

அமுக்கமானி காட்டுறது வெளிக்காற்றுக்கு மேல எவ்வளவு எண்டு. உங்கட ஆலை நிக்கிற திருகோணமலை கடல் மட்டம்தானே, 1.013 பாரைக் கூட்டுங்கோ: 2.013 பார், கிட்டத்தட்ட 1510 மி.மீ. இதே ஆலை உயர மலையில இருக்கிற நுவரெலியாவில நிண்டால் வெளிக்காற்றே ஐந்திலொரு பங்கு குறைவு, அங்க 1.013 போடக்கூடாது.

1510 ஐ வைச்சு முதல் கூட்டைப் பாருங்கோ: 0.597. பென்சீனின்ட கே 1.02 ஆக இருந்தும் ஒரு துளி ஆவி வராது. ஒரு கே 1 ஐத் தாண்டினால் போதாது, கூட்டுத்தான் தாண்டவேணும்.

நிலாவெளி
ஒரு சொல் கூட. மூன்றும் ஒரே சாதி மூலக்கூறுகள் எண்டபடியால்தான் ரவுல் விதி (கே = ஆவியமுக்கம் ÷ மொத்த அமுக்கம் எண்டு எடுக்க விடுறது) இவ்வளவு நல்லாப் பொருந்துது. எதனோலும் தண்ணியும் வந்தால் இந்தத் தாளைப் பாவிக்காதேங்கோ, ஒவ்வொரு கேயையும் செயற்பாட்டுக் குணகத்தால (அந்த விதியில இருந்து எவ்வளவு விலகுது எண்டு காட்டுற எண்) பெருக்கவேணும். அது திரவத்தின்ட அமைப்போட மாறும், அதால ஒவ்வொரு சுற்றிலயும் கேயைத் திரும்பக் கணிக்கவேணும்.