பட்டர் ஃப்ரூட் எண்ணெய்: சோப்பிலும் கிரீமிலும் நம்பிப் போடலாமா?

பாலாற்றங்கரை:
வேலூர் கடைகளில் இப்போது சோப்பு, ஷாம்பு, கை கழுவும் திரவம் எதை எடுத்தாலும் 'அவகாடோ ஆயில்', அதாவது பட்டர் ஃப்ரூட் எண்ணெய், என்று போட்டிருக்கிறது. என் அக்கா நர்ஸ். ரப்பர் கையுறை போட்டால் கை தடித்துவிடும், வாழைப்பழம் தின்றால் வாய் அரிக்கும். லேட்டக்ஸ் என்கிற, கையுறை செய்யும் இயற்கை ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்களில் 30 முதல் 50 சதவீதம் பேருக்கு வாழை, கிவி, அவகாடோ மாதிரி ஏதாவதொன்று ஒத்துக்கொள்வதில்லை. நாள் முழுக்கக் கையுறை மாட்டி வேலை செய்பவர்கள் இத்தனை பேர் இருக்கிற ஊரில், கை கழுவுகிற பொருளில் இதைச் சேர்ப்பது தவறு.

காட்பாடி கெமிஸ்ட்:
பழமும் எண்ணெயும் ஒன்றல்ல சார். ஒவ்வாமையைக் கிளப்புவது பழத்திலுள்ள கைட்டினேஸ் என்கிற புரதம். சுத்திகரித்த எண்ணெயில் புரதம் அநேகமாக மிஞ்சாது. அழகுசாதன மூலப்பொருள்களை ஆராயும் அமெரிக்க நிபுணர் குழு 1980-லேயே இந்த எண்ணெய் பாதுகாப்பானது என்று சொல்லிவிட்டது. சோப்பு என்றால் காரத்தோடு சேர்ந்து எண்ணெயே பெரும்பாலும் சோப்பாகிவிடும். அரிப்பு வந்தால் முதலில் வாசனைப் பொருளைச் சந்தேகப்படுங்கள், அப்புறம் கெடாமல் இருக்கச் சேர்க்கிற ரசாயனத்தை.

பாலாற்றங்கரை:
சுத்திகரித்ததா இல்லையா என்று லேபிளில் எங்கே இருக்கிறது? 'கோல்ட் பிரஸ்டு', அதாவது சூடாக்காமல் பிழிந்தது, என்றுதான் பெரிதாகப் போடுகிறார்கள்.

காட்பாடி கெமிஸ்ட்:
நியாயமான கேள்வி. அந்த வகையில் புரதம் கொஞ்சம் தங்கலாம். உங்கள் அக்கா தவிர்க்கட்டும். அதற்காக ஊரே ஏன் தவிர்க்க வேண்டும்?

குடியாத்தம் செக்கு:
இரண்டு பேரும் பாட்டிலுக்குள் இருப்பது அவகாடோ எண்ணெய்தான் என்று நம்பிப் பேசுகிறீர்கள். 2020-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 22 மாதிரிகளைச் சோதித்தார்கள். 82 சதவீதம் காலாவதித் தேதிக்கு முன்பே காறிப்போனவை அல்லது கலப்படம். மூன்று பாட்டிலில் இருந்தது கிட்டத்தட்ட முழுக்க சோயா எண்ணெய்! சமையலுக்கு விற்கிற எண்ணெயே அப்படி. அக்னி நட்சத்திர வெயிலில் கடை அலமாரியில் நிற்கிற பாட்டில் என்ன ஆகும்? நான் கடலை எண்ணெய் ஆட்டுகிறவன். காறல் வாடை வந்த எண்ணெயைத் தோலில் தேய்க்க விடமாட்டேன்.

காட்பாடி கெமிஸ்ட்:
அது கலப்படத்தின் குற்றம், எண்ணெயின் குற்றம் இல்லை.

ஆற்காடு அம்மா:
வாங்குகிற எங்களுக்கு இரண்டும் ஒன்றுதானே தம்பி? பச்சைக் குழந்தைக்குத் தேய்க்கலாமா என்று யாராவது சொல்லுங்கள்.

காட்பாடி கெமிஸ்ட்:
வேண்டாம்மா. 2013-ல் வந்த ஓர் ஆய்வில், பெரியவர்கள் தோலில் ஆலிவ் எண்ணெய் தடவிப் பார்த்தபோது தோலின் மேலடுக்கு பலவீனமாகி லேசாகச் சிவந்தது. சூரியகாந்தி எண்ணெயில் அப்படி ஆகவில்லை. அவகாடோவிலும் ஆலிவ் போலவே ஒலியிக் அமிலம் என்கிற கொழுப்பு அமிலம்தான் அதிகம். பெரியவர்கள் முழங்கையின் உள்பக்கம் சில நாள் தடவிப் பார்த்துவிட்டுப் பயன்படுத்தலாம்.

பாலாற்றங்கரை:
எல்லாரும் தவிர்க்க வேண்டும் என்பதை வேண்டுமானால் விட்டுவிடுகிறேன். ஆனால் சுத்திகரித்ததா, பிழிந்தபடியே ஊற்றியதா என்று அட்டையில் எழுதச் சொல்லிக் கேட்பதை விடமாட்டேன். அக்கா வார்டில் இருக்கிற கை கழுவும் திரவத்தை அவளா தேர்ந்தெடுக்கிறாள்?