புதுப்பிப்பு: அண்ணனின் மனச்சோர்வுக்கு அடியில் இருந்தவை

கடையை மூடிய பிறகு என் அண்ணன் உறக்கமும் பசியும் இழந்து மனச்சோர்வில் இருப்பதை முன்பு எழுதி, பண இழப்புதான் காரணமா என்று கேட்டிருந்தேன். பலரும் விசாரித்ததால் இப்போதைய நிலையைப் பதிகிறேன்.

மருத்துவர் மருந்தோடு உளவியல் ஆலோசனையையும் பரிந்துரைத்தார். அங்கே பேசப் பேச வெளிவந்தது பணக்கவலை அல்ல. கடன் கொடுத்த உறவினர் ஒருவர் கல்யாண வீட்டில் எல்லோர் முன்னிலையிலும் அவரைக் கேட்ட விதமும், அதே உறவினரின் மாடி வீட்டிலேயே வாடகைக்குத் தொடர்ந்து குடியிருக்க வேண்டிய கட்டாயமும்தான்.

லண்டனின் கேம்பர்வெல் பகுதிப் பெண்களை ஆராய்ந்து ஜார்ஜ் பிரவுனும் டிரில் ஹாரிசும் 1978இல் வெளியிட்ட முடிவுகள், கடுமையான வாழ்க்கை நிகழ்வுகளோடு, மனம்விட்டுப் பேச நெருக்கமான ஒருவர் இல்லாமையும் சேரும்போது மனச்சோர்வுக்கான வாய்ப்பு கூடுவதைக் காட்டின. 1990களில் அவர்களது குழு இன்னும் நுட்பமாகப் பிரித்துப் பார்த்தபோது, வெறும் இழப்பைவிட, அவமானமும் தப்ப வழியில்லாமல் சிக்கிக்கொண்ட நிலையும் கலந்த நிகழ்வுகளே மனச்சோர்வை அதிகம் தூண்டுவதாகத் தெரிந்தது. அண்ணனுக்கு நேர்ந்தது இதுவே என்பது என் கருத்து. பரம்பரை, உடல் சார்ந்த காரணங்களையும் ஒதுக்கிவிட முடியாது. தைராய்டு பரிசோதனை செய்தார்கள், அதில் குறையில்லை.

வேறு வீட்டுக்கு முன்பணம் திரட்டிக்கொண்டிருக்கிறோம். ஆலோசகரும் அதைச் சிகிச்சையின் பகுதியாகவே பார்க்கிறார். காரணம் தெரிந்துவிட்டதால் மருந்தை நிறுத்தலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். மருத்துவர் அப்படிச் சொல்லவில்லை, எனவே மருந்து தொடர்கிறது.