அரிசி ஆலை சர்வர்: 1 டிபி டிஸ்க்கை எப்படிப் பிரிப்பது?

கேள்வி (மன்னார்குடி)

வணக்கம். மன்னார்குடி பக்கம் ஒரு அரிசி ஆலையில் கணக்கும் கம்ப்யூட்டரும் என் பொறுப்பு. போன தை மாதம், சம்பா அறுவடை மும்முரத்தில் எங்கள் சர்வர் நின்றுவிட்டது. டிஸ்க் முழுக்க ஒரே பார்ட்டிஷன் (பகுதி). எடைமேடை கேமரா புரோகிராம் எழுதிக்கொண்டே இருந்த லாக் ஃபைல் (நடப்பதைப் பதியும் குறிப்பு) அதை நிரப்பிவிட்டது. டேட்டாபேஸான மரியாடிபி எழுத இடமில்லை, எடைச் சீட்டு வரவில்லை. நெல் வண்டிகள் ரோடு வரைக்கும் நின்றன. ராத்திரி பத்து மணி வரை கையால் சீட்டு எழுதினோம். இன்னொரு முறை அப்படி ஆகக் கூடாது.

புது மெஷின் வந்திருக்கிறது: 1 டிபி எஸ்எஸ்டி இரண்டு, ரெய்டு 1 (இரண்டு டிஸ்கிலும் ஒரே டேட்டா), 16 ஜிபி ராம், டெபியன் 12 லினக்ஸ். குறுவை நெல் வருவதற்குள் தயாராக வேண்டும். ரூட் (சிஸ்டம் இருக்கும் பகுதி) 100 ஜிபி, ஸ்வாப் (ராம் போதாதபோது உதவும் இடம்) 32 ஜிபி, மீதி எல்லாம் படங்களுக்கு என்று நினைக்கிறேன். வண்டிக்கு 4 படம், ஒவ்வொன்றும் அரை எம்பி. நாளைக்கு 150 வண்டி வரை வரும். சரியா?

பதில் (கும்பகோணம்)

தம்பி, முதலில் கணக்குப் போடுங்கள். 600 படம் என்றால் நாளைக்கு 300 எம்பி. இரண்டு போகமும் சேர்த்து 120 நாள் என்று வைத்தாலும் வருடத்துக்கு 36 ஜிபிதான். அதற்கு எதற்கு 800 ஜிபி?

எல்விஎம் (பகுதிகளின் அளவைப் பிறகு மாற்ற விடும் முறை) போடுங்கள். அதற்கு வெளியே, சிஸ்டம் தொடங்கத் தேவையான பூட் பகுதி 1 ஜிபி. பழைய கெர்னல்கள் (லினக்ஸின் மையப் புரோகிராம்) சேரும், குறைக்காதீர்கள். மெஷின் முதலில் படிக்கும் இஎஃப்ஐ பகுதி 512 எம்பி, இரண்டு டிஸ்கிலும். எல்விஎம்முக்கு உள்ளே, ஜிபி கணக்கில், ரூட் 40, ஸ்வாப் 8, வார் (/var, புரோகிராம்களின் மாறும் ஃபைல்கள்) 30, லாக் தனியாக 15, டேட்டாபேஸ் 80, படங்கள் 120. லாக் நிரம்பினாலும் டேட்டாபேஸ் இடத்தை அது தொடாது.

மீதி 600 ஜிபிக்கு மேல் இருக்கும். அதை யாருக்கும் ஒதுக்காதீர்கள். தலைமடையிலேயே எல்லாத் தண்ணீரையும் பிரித்துவிட்டால் கடைமடைக்கு எதை விடுவது? எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம் (டிஸ்கில் ஃபைல்களை அடுக்கும் முறை) என்றால் சர்வர் ஓடும்போதே எல்விஎக்ஸ்டெண்ட் -r கட்டளை கொடுத்துப் பெரிதாக்கலாம். சிறிதாக்க அந்தப் பகுதியை அன்மவுன்ட் செய்தாக (கழற்றியாக) வேண்டும். எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு ஃபைல் சிஸ்டத்தை நடைமுறையில் சிறிதாக்கவே முடியாது.

பதில் (திருவாரூர்)

அண்ணன் சொன்னது சரி. ஆனால் 15 ஜிபியும் ஒருநாள் நிரம்பும், லாக்ரொட்டேட் (பழைய லாக்கைப் பெயர் மாற்றி ஒதுக்கி, பிறகு அழிக்கும் புரோகிராம்) கட்டாயம். கேமரா புரோகிராம் ஃபைலைத் திறந்தே வைத்திருந்தால், பெயர் மாற்றினாலும் பழைய ஃபைலிலேயே எழுதும். அதில் காப்பிட்ரங்கேட் (நகல் எடுத்துவிட்டு அதே ஃபைலைக் காலியாக்கும் அமைப்பு) போடுங்கள்.

எக்ஸ்ட்4 வழக்கமாக 5 சதவீதத்தை ரூட் பயனருக்கு (சிஸ்டம் நிர்வாகிக்கு) ஒதுக்கும். படங்கள் பகுதியில் அதை டியூன்2எஃப்எஸ் கட்டளையால் 1 சதவீதமாக்கலாம். ரூட் பகுதியில் அப்படியே இருக்கட்டும்.

அப்புறம், ரெய்டு 1 பேக்கப் ஆகாது. தவறி அழித்தால் இரண்டு டிஸ்கிலும் போய்விடும். வெளியே ஒரு டிஸ்கில் தினமும் எடுத்து வையுங்கள்.

கேள்வி கேட்டவர்

இரண்டு பேருக்கும் நன்றி. படக் கணக்கை நான் போட்டுப் பார்க்கவே இல்லை. இந்த ஞாயிறு ஆலை நிற்கும், அன்றைக்கே ஏற்றிவிடுகிறேன். வேண்டுமென்றே லாக் பகுதியை நிரப்பி, எடைமேடையில் ஒரு வெறும் வண்டியை ஏற்றிச் சீட்டு வருகிறதா என்று பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.